மேடைக்கு வெட்டும் கத்தரி: வாசகர் கேள்வி – பதில்

நாடக, நாட்டிய உடைகளுக்கு அளவெடுத்து வெட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெட்டு வடிவம் வரையும் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். நாடக உடை வெட்டும் வேலைக்கு மாற ஆசை. என் அனுபவம் கைகொடுக்குமா?
(வாசகர், திருப்பூர்)

கோடு போடத் தெரிந்த கை உங்களுக்கு இருக்கிறது, அது பாதி வேலை. மாற்றிக்கொள்ள வேண்டியது துணியை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை. தொழிற்சாலையில் ஒரு அளவுக்கு வெட்டி, அதை ஸ்மால் முதல் டபுள் எக்ஸெல் வரை ஏற்றி இறக்குவீர்கள். தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் போதும், ஓவர்லாக் ஓடிவிடும். மேடையில் ஒரே ஓர் உடம்புதான். ஆனால் அந்த உடை பல உடம்புகளைப் பார்க்கும். மாதக்கணக்கில் ஓடும் நாடகத்தில் நடிகர் இளைப்பார், பருப்பார். அவருக்கு உடம்பு சரியில்லாத அன்று மாற்று நடிகர் அதையே போடுவார். அடுத்த ஆண்டு வேறு நாடகத்துக்கு அதே உடையைப் பிரித்துத் திருத்துவார்கள். அதனால் மேடை உடையை வெட்டும்போதே, பின்னால் பிரிக்கப்போகிற உடை என்று நினைத்து வெட்ட வேண்டும்.

பக்கத் தையலிலும் பின் நடுத் தையலிலும் 1 முதல் 1½ அங்குலம் விடுங்கள். தோளில் 1 அங்குலம், கை அடியில் 2 அங்குலம், பாவாடை அடியில் 3 அங்குலம். பேண்டின் பின் தையலில் இடுப்பருகே 2 அங்குலத்தில் தொடங்கி, கவட்டை வளைவுக்கு வரும்போது அரை அங்குலமாகக் குறைய வேண்டும். கழுத்திலும் கைவளைவிலும் (உடலில் கையைப் பொருத்தும் துளை) அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வளைவில் அதிகம் விட்டால் துணி படியாது, படியவைக்க வெட்டுக் கொடுக்க வேண்டிவரும். வெட்டுக் கொடுத்த துணியைப் பிறகு பிரித்துவிட முடியாது.

இப்படி இடத்துக்கு இடம் விடும் துணி மாறுவதால், காகிதத்தில் தையல் கோட்டை மட்டும் வரைந்து, விடும் துணியை நேராகத் துணியின் மேலேயே குறிப்பது நல்லது. ட்ரையலின்போது பேச்சு முழுவதும் தையல் கோட்டைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கோட்டைக் கச்சாத் தையலால் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) மாறுபட்ட நிற நூலில் ஓட்டிவிட்டால், எங்கே எவ்வளவு நகர்த்தினோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

தைக்கும் வரிசையும் மாறும். லைனிங்கைத் தனிச் சட்டைபோலத் தைத்து உள்ளே கவிழ்க்காதீர்கள். ஒவ்வொரு துண்டின் மேல்துணியையும் லைனிங்கையும் சேர்த்துக் கச்சாத் தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தையுங்கள். ஓரங்களைத் தனித்தனியாக ஓவர்லாக் அடித்து, விரித்து இஸ்திரி போடுங்கள். அப்படியென்றால் உள்ளே எல்லாத் தையலும் திறந்தே இருக்கும். பேண்டின் இடுப்புப் பட்டியைப் பின்னால் இரண்டாக வைத்து நடுத் தையலைக் கடைசியில் மேலே வரை ஓட்டுவோமே, அதே முறையை ஜாக்கெட்டுக்கும் ரவிக்கைக்கும் பாவாடைப் பட்டிக்கும் கொண்டுவாருங்கள். ஒரு தையலைப் பிரித்தால் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும்.

உங்கள் பின்னல் துணி அனுபவத்துக்கு நேரடியாகப் பயன்படும் இடமும் உண்டு. நவீன நடனக்காரர்கள் அணியும் உடலோடு ஒட்டிய உடைக்கு, தோளில் தொடங்கி முன்பக்கமாகக் கால்களுக்கிடையே சென்று பின்பக்கமாக அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவுதான் உயிர். மார்பு, இடுப்பு அளவு சரியாக இருந்தும் தோளில் வலிக்கிறது என்று நடனக்காரர் சொன்னால் இந்தச் சுற்றளவு குறைந்திருக்கிறது என்று பொருள். துணி இழுபடுகிறது என்பதற்காக அகலத்தில் குறைக்கும் அளவுக்கு நீளத்திலும் குறைப்பது, பனியன் வேலையிலிருந்து வருபவர்கள் முதலில் செய்யும் தவறு.

கல்லூரி நாடகத்தில் அரசன் வாளை உயர்த்தும்போது கோட்டு முழுவதும் மேலே ஏறுகிறது, முதுகுப் பக்கம் கைத்தையல் பிய்கிறது. தளர்வாக இருக்கட்டும் என்று கைவளைவை ஓர் அங்குலம் கீழே இறக்கினோம். இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?
(வாசகி, திருச்சி)

இறக்கியதுதான் காரணம். கையைத் தூக்கும்போது இடுப்பிலிருந்து அக்குள் வழியாக முழங்கை வரை உடம்பின் நீளம் கூடுகிறது. கைவளைவு அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால், கை மட்டும் தன் போக்கில் எழும். கீழே இறங்கியிருந்தால், கைத்துணி இடுப்புப் பக்கத்துத் துணியைக் கொக்கிபோட்டு மேலே இழுக்கும். இறுக்கமாக இருக்கிறது என்று நடிகர் சொன்னதும் கத்தரியை அக்குளில் வைப்பது எல்லோருக்கும் வரும் கைப்பழக்கம். முதலில் வேறு இடத்தைப் பாருங்கள்.

புதிதாக வெட்டுவதானால், கைவளைவின் அடி அக்குளிலிருந்து அரை முதல் முக்கால் அங்குலம் மட்டும் கீழே இருக்கட்டும். கைத்துண்டின் மேல் வளைவின் உயரத்தைக் குறையுங்கள். 15 அங்குலப் புஜ அகலமுள்ள கைத்துண்டில் வளைவின் உயரம் 5½ அங்குலம் என்றால், தையலின் நீளம் மாறாமல் 4½ ஆக்கலாம். புஜத்தின் அகலம் ஏறக்குறைய 1¼ அங்குலம் கூடும், கை நன்றாக எழும். கையைத் தொங்கவிட்டால் அக்குளருகே சுருக்கம் விழும். அது பின்வரிசைப் பார்வையாளருக்குத் தெரியாது. பிய்ந்துபோன தையல் தெரியும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டதால் உங்களுக்கு ஒட்டுத்துண்டுதான் வழி. அக்குளில் கைத்தையலையும் பக்கத் தையலையும் கொஞ்சம் பிரித்து, படகு வடிவத்தில் 7 அல்லது 8 அங்குல நீளமும் நடுவில் 3 அங்குல அகலமும் உள்ள துண்டைக் கிராஸாக (துணியின் இழைக்குச் சாய்வாக) வெட்டி வைத்துத் தையுங்கள். இரண்டு முனைகளிலும் உள்பக்கம் ஒரு சின்ன ஆர்கன்சா (மெல்லிய, விறைப்பான துணி) துண்டை வைத்துத் தைத்தால் மூலை பிய்யாது. பழைய முறைக் குர்தாக்களில் அக்குளில் சதுரத் துண்டு வைத்ததும் இதே காரணத்துக்குத்தான். முதுகில் பிய்வதற்குக் காரணம் வேறு: முதுகின் அகலத்தைக் கையைத் தொங்கவிட்ட நிலையில் அளந்திருப்பீர்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள். அந்த வித்தியாசத்தைக் கைவளைவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரு மடிப்புகளில் ஒளித்துவைக்கலாம். மடிப்பைத் திரும்ப மூட உள்ளே ஒரு துண்டு எலாஸ்டிக் போதும்.

ஐரோப்பிய அரசன் உடை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே கையைத் தனியாகத் தைத்து, தோளில் நாடாக்களால் கட்டும் வழக்கம் இருந்தது. தோளில் இறக்கைபோல ஒரு பட்டி அந்த இணைப்பை மறைத்தது. அக்குள் பக்கம் கட்டாமல் விட்டுவிட்டால் எந்த வாள் சண்டையையும் தாங்கும்.

அடுத்த ட்ரையலுக்கு நடிகரைக் கண்ணாடி முன் நிற்கவைத்து முடித்துவிடாதீர்கள். கையில் வாளைக் கொடுங்கள். உயர்த்தட்டும், மண்டியிடட்டும், கீழே விழுந்து எழட்டும்.

பரதநாட்டிய அரங்கேற்ற உடைகள் தைக்கிறேன். முழுமண்டியில் (முழங்காலை முழுதாக மடக்கி) உட்காரும்போது பைஜாமா கவட்டையில் கிழிகிறது. அரைமண்டியில் (முழங்காலைப் பாதி மடக்கிய நிலை) விசிறி (முன்னால் கால்களுக்கு நடுவே மடிப்புகளோடு வரும் துண்டு) முழுதாக விரிந்து தட்டையாகி, மடிப்பே தெரிவதில்லை.
(வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

நின்ற நிலையில் எடுத்த அளவை வைத்துப் பரதநாட்டிய உடையை வெட்டக் கூடாது. மூன்று நிலைகளில் எடுங்கள்: நேராக நின்று, அரைமண்டியில், முழுமண்டியில். முன் இடுப்பிலிருந்து கால்களுக்கிடையே பின் இடுப்பு வரையுள்ள நீளத்தை முழுமண்டியில் எடுங்கள். நின்று எடுத்ததைவிட அது எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தாலே கிழிசலுக்குக் காரணம் புரிந்துவிடும்.

அந்த நீளத்தை எல்லாம் மேலே ஏற்றினால் நிற்கும்போது தொய்ந்து தொங்கும். அதனால் பாதியைப் பின் இடுப்பு உயரத்தில் கொடுத்துவிட்டு, மீதிக்குக் கவட்டையில் ஒரு துண்டு வையுங்கள். 5 அல்லது 6 அங்குலச் சதுரம், கிராஸாக வெட்டியது, அதே நிறத்தில் சரிகை இல்லாத துணி. நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடும் இடம்தான் முதலில் பிய்யும். துண்டு வைத்தால் அந்தப் புள்ளியே இல்லாமல் போகிறது. சரிகைக் கரை இழுபடாது, இழுத்தால் பக்கத்துப் பட்டு இழைதான் அறும். எனவே கரை கவட்டைக்கு அருகில் வரும்படி துண்டைப் போடாதீர்கள். பட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தி லைனிங்கைச் சேர்த்துத் தைத்தால் இழுவையைப் பருத்தி வாங்கிக்கொள்ளும்.

விசிறிக்கு வருவோம். பெண்ணை அரைமண்டியில் உட்காரவைத்து, விசிறியின் இரு ஓரங்களும் கால்களில் தைக்கப்படும் இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். அது 30 அங்குலம் என்றால் விரித்த துணி குறைந்தது 45 அங்குலம், அதாவது ஒன்றரை மடங்கு வேண்டும். அப்போதுதான் முழுதாக விரிந்த பிறகும் மடிப்பின் நிழல் நிற்கும். உங்கள் விசிறியில் அளவும் துணியும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்கும். முந்தானையை அப்படியே விசிறியாக்கினால் சேலையின் அகலம்தான் உங்களுக்குக் கிடைக்கும் முழு அகலம், 45 முதல் 48 அங்குலம். உயரமான பெண்ணுக்கு அது போதாமல் போகலாம். கரை கீழே வரும்படி சேலையின் நீளவாக்கில் எடுத்தால் வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் அதைக் கால் துண்டுகளிலிருந்து பிடுங்க வேண்டிவரும். ஆகவே சேலையை மேசையில் விரித்ததும் முதலில் விசிறிக்கும் மேலாக்குக்கும் இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு கால்களுக்கு வாருங்கள். ரவிக்கை, அதற்கென்று நெய்த துணியில் கிடைக்கும்.

இன்னொன்று. அரங்கேற்றம் முடிந்த பெண் அடுத்த ஆண்டு இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பாள். கரை பாதத்தருகே வருவதால் கால் அடியில் துணி மடித்துவைத்துப் பிறகு இறக்க முடியாது. அந்தக் கூடுதல் துணியை இடுப்பில் வையுங்கள். பட்டிக்குள் 2 அங்குலம் மடித்து ஒளித்துவிட்டால், பட்டியைப் பிரித்து முழு உடையையும் கீழே இறக்கலாம், கரை அதன் இடத்திலேயே இருக்கும். கொக்கி மாட்டும் வளையங்களை ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசையாகத் தைத்துவிடுங்கள்.

பட்டு ரவிக்கை அக்குளில் வியர்வையால் இற்றுப்போகிறது. தடுக்க முடியுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பிறை வடிவில் இரண்டு மடிப்புப் பருத்தித் துண்டுகளைத் தைத்து, டிச் பட்டனால் உள்ளே மாட்டிக் கழற்றும்படி வையுங்கள். ஒரு ரவிக்கைக்கு மூன்று ஜோடி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு துவைப்பது அதை மட்டும்தான். ரவிக்கையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காற்றாடப் போட்ட பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் சரிகையும் கறுக்கும்.

எங்கள் நாடகத்தில் கிழவியாக வருபவர் 40 விநாடியில் ராணியாகத் திரும்பி வர வேண்டும். இரண்டு பேர் உதவிக்கு இருக்கிறார்கள். உடையை எப்படி வெட்டுவது?
(வாசகர், புதுச்சேரி)

முதலில் எது எதற்குள் போகும் என்று பாருங்கள். கிழவியின் நூல் சேலைக்கு அடியில் ராணியின் ரவிக்கையும் ஒட்டிய பாவாடையும் இருக்கலாம். விறைப்பான, அகன்ற ராணிப் பாவாடை அடியில் போகாது. அதை அரங்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தரையில் விரித்துவைத்து, நடிகை அதற்குள் கால் வைத்து நிற்க, உதவியாளர் தூக்கி மாட்ட வேண்டும். தலைவழியாக மாட்டும் எதுவும் கூடாது. சவரிமுடியும் மைக் ஒயரும் சிக்கும்.

சேலையைத் தைத்த சேலையாக்கிவிடுங்கள். கொசுவத்தை மடித்து ஒன்றரை அங்குலப் பட்டியில் தைத்து, பட்டியை இரண்டு பெரிய பேண்ட் கொக்கிகளால் மூடுங்கள். மேலாக்கின் மடிப்புகளைத் தைத்துத் தோளில் ஒரு டிச் பட்டன். கழற்ற மூன்று அசைவு போதும். ராணியின் மேலங்கி பின்னால் திறக்கட்டும், முன்னால் தெரியும் பொத்தான்கள் வெறும் அலங்காரமாக இருக்கட்டும். நகைகளை அங்கியிலேயே தைத்துவிடலாம்.

எதைக் கொண்டு மூடுவது என்பதில் கவனம் வேண்டும். வெல்க்ரோ வேகமானது, ஆனால் பிரிக்கும் சத்தம் அமைதியான காட்சியில் கடைசி வரிசை வரை கேட்கும், வலைத்துணியையும் கடித்துக்கொள்ளும். மெல்லிய ஜிப் இருட்டில் லைனிங்கைக் கவ்வினால் காட்சியே போய்விடும். ஜிப்தான் வேண்டுமென்றால் பருமனான பல் உள்ளதை வாங்கி, லைனிங்கைப் பல்லிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தையுங்கள், மேலே ஒரு பெரிய கொக்கியும் இருக்கட்டும். எங்களைக் கேட்டால் பெரிய டிச் பட்டன்களும் இடையிடையே கொக்கிகளும்தான் நல்லது. முதல் கொக்கி இடுப்பில் இருக்க வேண்டும். இடுப்பு மாட்டிவிட்டால் மற்றது மாட்டாவிட்டாலும் உடை விழாது. இருட்டில், நடிகையோடு, கடிகாரம் வைத்து நான்கைந்து தடவை பழகிப் பாருங்கள்.

லண்டனில் நாடக உடைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அருங்காட்சியக உடைகளின் எட்டில் ஒரு பங்கு வரைபடத்தை நகல் இயந்திரத்தில் பெரிதாக்கி ஒரு 18ஆம் நூற்றாண்டு கவுன் வெட்டினேன். காடாத் துணியில் தைத்துப் பார்த்தால் சின்னதாகவும் கோணலாகவும் இருக்கிறது.
(வாசகி, குரோய்டன், பிரிட்டன்)

இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. எட்டு மடங்குக்கு 200 சதவீதத்தில் மூன்று முறை நகல் எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் 2 சதவீதம் குறைந்தால் மூன்றாவது நகலில் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துவிடும். 28 அங்குல இடுப்பில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக அளந்து வரைவது மெதுவான வேலை, ஆனால் வரையும்போதே ஒவ்வொரு வளைவும் ஏன் அப்படி என்று கை கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது பெரியது. உடை வரலாற்றாய்வாளர் ஜேனட் அர்னால்ட் (1932–1998) போன்றவர்கள் பழைய உடைகளை இழை இழையாக அளந்து வரைந்து கொடுத்தது, என்றோ வாழ்ந்த ஒரு பெண்ணின் உடம்புக்கு வெட்டிய துணியை. அவள் உள்ளே இறுக்குக் கச்சை அணிந்திருந்தாள். உங்கள் நடிகை அவளல்ல. அந்த வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டியது அளவை அல்ல: தையல்கள் எங்கே ஓடுகின்றன, துணியின் நேர் இழை எந்தப் பக்கம், தோள் தையல் முதுகுப்பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது, முதுகுத் துண்டுகள் இடுப்பில் எவ்வளவு ஒடுங்குகின்றன என்பவற்றை.

எனவே முதலில் கச்சையைத் தைத்து முடியுங்கள். கட்டியபோது பின்னால் 2 அங்குல இடைவெளி நிற்கும்படி அதன் அளவைக் குறைத்து வெட்டுங்கள். கச்சையை விறைப்பாக நிறுத்தும் எலும்புப் பட்டைகள் தம் குழாயைவிட அரை அங்குலம் குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முனை துணியைத் துளைத்து வெளியே வரும். நடிகை பாடுபவர் என்றால் மூச்சை விட்டும் முழுதாக இழுத்தும் விலா அளவை எடுத்து, அந்த வித்தியாசத்தைப் பக்கவாட்டு எலாஸ்டிக் துண்டுகளில் கொடுங்கள். கச்சைக்கு மேல் எல்லா அளவையும் புதிதாக எடுத்து, அந்த அளவுக்கு ஒரு சாதாரண உடற்பகுதி வரைந்து, அதன்மேல் பழைய தையல் கோடுகளை மாற்றுங்கள். கூட்ட வேண்டிய அங்குலங்களை மார்பு, இடுப்புத் தையல்களில் சிறிது சிறிதாகப் பகிருங்கள். கழுத்தும் தோளும் உடம்பு பருத்த அளவுக்குப் பருப்பதில்லை. நகல் இயந்திரம் அவற்றையும் சேர்த்தே ஊதிவிடும், கோணல் அங்கிருந்துதான் வந்தது.

வடிவமைப்பாளரின் ஓவியத்தைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை. அங்கே பிரிட்டிஷ் அரங்குகளில் வடிவமைப்பாளர் வரைவார், கட்டர் அதை வெட்டாக மாற்றுவார், தைப்பவர்கள் வேறு. ஓவியத்து மனிதர் பெரும்பாலும் ஒன்பது தலை உயரம் இருப்பார், உயிருள்ள நடிகர் ஏழரைத் தலைதான். கோட்டு உடையின் நீளத்தை மொத்த உயரத்தில் பங்காகக் கணக்கிடாமல், முழங்காலுக்கு எவ்வளவு மேலே, இடுப்புக்கு எவ்வளவு கீழே என்று உடம்பின் இடங்களை வைத்துப் படியுங்கள். சந்தேகம் வந்தால் காடாத் துணியிலேயே கரிக்கோலால் கோடு போட்டு, நடிகரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்.

வெல்வெட்டில் ராஜ உடை தைத்தோம். மேடை விளக்கில் இடது பாதி வேறு நிறமாகத் தெரிகிறது.
(வாசகர், மதுரை)

துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் தலைகீழாக வைத்து வெட்டியிருப்பீர்கள். வெல்வெட்டின் ரோமம் ஒரு திசையில் படியும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் வர வேண்டும். ரோமம் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும், மேடைக்கு அதுவே நல்லது. வெட்டியதைத் திருத்த வழியில்லை, அந்தத் துண்டைப் புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.

நாடகம் முடிந்ததும் காகித வெட்டுகளை எப்படிப் பாதுகாப்பது?
(வாசகி, கோயம்புத்தூர்)

மடிக்காமல் ஓட்டை போட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள், இடமில்லாவிட்டால் உருட்டி வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நாடகம், பாத்திரம், நடிகர், ஆண்டு, மொத்தம் எத்தனை துண்டு, நேர் இழைக் கோடு, தையலுக்கு விட்ட துணி சேர்ந்ததா சேராததா என்பது இருக்க வேண்டும். ட்ரையலில் செய்த திருத்தத்தைச் சிவப்பு மையில் காகிதத்துக்கு அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். துணியில் மட்டும் திருத்திவிட்டுக் காகிதத்தை மறந்தால், மாற்று நடிகருக்கு இரண்டாவது உடை வெட்டும்போது பழைய பிழையோடு வெட்டுவீர்கள். நடிகரின் அளவுத்தாளின் ஒரு நகலை அந்த உருளைக்குள்ளேயே சுருட்டிவைக்கவும்.